வேதம் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: மாற்கு சுவிசேஷத்திலிருந்து அழைப்பு வரை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நம் கையில் ஒரு சிறிய அட்டை இருக்கும். தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த வசனம். அந்த வருடம் முழுவதும் அது பர்ஸிலோ வேதாகமத்தின் அட்டைக்குள்ளோ கிடக்கும். இந்த வழக்கத்தை நான் குறை சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டிலும் எடுக்கிறோம். ஆனால் வேதத்தோடு நமக்குள்ள பழக்கம் அந்த அட்டையோடு நின்றுவிட்டால், பெரிய முடிவு ஒன்று எதிரே வந்து நிற்கும் நாளில் சிக்கல். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா, இறையியல் படிக்கலாமா, துறவறத்துக்குத் தன்னைக் கொடுக்கலாமா என்று மனம் அலைபாயும்போது கை இன்னொரு அட்டையைத்தான் தேடும். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீட்டு எடுப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் முடித்து, ஆனால் வேதத்தில் ஒரு புத்தகத்தையாவது முதலிலிருந்து கடைசிவரை வாசித்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கும் உதவும். ஒரே ஒரு வேண்டுகோள்: 'நான் என்ன செய்ய வேண்டும்' என்ற கேள்வியை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். இந்தப் புத்தகத்தில் பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்வதற்காக முதலில் உட்காருங்கள். குரல் பழகாதவருக்கு, கூப்பிட்டது யார் என்றே தெரியாது.

எந்த வேதாகமம்?

பெரும்பாலோர் வீட்டில் இருப்பது பழைய திருப்புதல் என்ற மொழிபெயர்ப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ். ஞாயிறு பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வசனங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. காதுக்கும் அதுதான் பழக்கம். புதிதாக வருகிறவருக்கோ வரிக்கு வரி ஒரு சொல் இடறும். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது. தொடர்ந்து கதைபோல வாசிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். நின்று தியானிக்கவும் மனப்பாடம் செய்யவும் பழைய திருப்புதலை எடுங்கள். ஒரே பகுதியை இரண்டிலும் வாசித்தால் ஒன்றில் புரியாதது மற்றதில் புரியும். எது சரியான மொழிபெயர்ப்பு என்ற வாக்குவாதத்தில் மட்டும் முதல் மாதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். அதில் ஆர்வம் உள்ளவர்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு. அவர்களுக்கு நேரமும் உண்டு.

கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் ஒன்றில் இருக்கும், மற்றதில் இராது. நாம் தொடங்கப்போகும் இடத்தில் இந்த வேறுபாடு குறுக்கிடாது.

கைபேசிச் செயலி பஸ் பயணத்துக்கு நல்லது. காலை தியானத்துக்கு அச்சிட்ட புத்தகமே வேண்டும். இரண்டாவது வசனத்தில் உறவினர் குழுவிலிருந்து 'இனிய காலை வணக்கம்' வந்து விழுந்தால் மூன்றாவது வசனம் போயிற்று. கூடவே ஒரு நோட்டு, ஒரு பென்சில். வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள வரைபடங்களை யாரும் திறப்பதில்லை. நீங்கள் திறந்து கலிலேயாக் கடல் எங்கே, எருசலேம் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்புள்ள மற்ற வசனங்களைச் சுட்டும் ஒத்துவாக்கியக் குறிப்புகள், விளக்கவுரைகள் எல்லாம் பிறகு வாங்கலாம்.

முதல் மாதம்: மாற்கு, ஒரே மூச்சில்

ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்குவது நம் ஊர் வழக்கம். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு வாசிக்க வேண்டும். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்: முழம், கொக்கி, திரைச்சீலை, பொன்தகடு. அதைத் தாண்டி லேவியராகமத்துக்குள் நுழையும்போது பிப்ரவரி வந்திருக்கும், தீர்மானம் போயிருக்கும். லேவியராகமத்தின் மேல் குற்றம் இல்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தபின் வாசிக்க வேண்டிய புத்தகம் அது.

மாற்கு சுவிசேஷம் நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரங்கள். வாய்விட்டு வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரு ஞாயிறு மாலை ஒதுக்குங்கள். வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறி வாசிக்கலாம். அன்றைக்கு எதையும் அடிக்கோடிட வேண்டாம், எந்தக் குறிப்பும் எழுத வேண்டாம், எந்த வசனத்திலும் நின்று உபதேசம் தேட வேண்டாம். ஆதிச் சபையில் பெரும்பாலோர் இதைக் காதால் கேட்டவர்கள்தான். ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு கண்ணால் வாசித்தவர்கள் அல்லர்.

அதிகார எண்ணைப் பார்த்து நிறுத்தவும் வேண்டாம். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551இல் அச்சிட்ட ஒரு பதிப்பில் வந்தவை. மாற்கு எண் போட்டு எழுதவில்லை. 8ஆம் அதிகாரத்தின் முடிவில், சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றுவதைப் பற்றி இயேசு பேசுகிற பேச்சு, 9ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில்தான் முடிகிறது. 8இல் புத்தகத்தை மூடினால் பாதிப் பேச்சில் எழுந்து போன மாதிரி.

வாசித்து முடித்தபின் நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: எது திகைக்க வைத்தது, எது புரியவில்லை, எந்த மனிதர் மனத்தில் நின்றார். 'புரியவில்லை' என்ற வரியைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள். அதுதான் பிறகு அதிகம் பயன்படும்.

ஒரு பகுதி, ஒரு வாரம்

இனி வேகத்தைக் குறைக்க வேண்டும். எப்படி என்று ஒரு பகுதியை எடுத்தே காட்டிவிடுகிறேன்: மாற்கு 5:1-20. கடலுக்கு அக்கரையில் கதரேனருடைய நாட்டில், கல்லறைகளில் குடியிருந்த மனிதனின் கதை.

முதல் நாள் இரண்டு முறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, கதையை வீட்டில் யாருக்காவது சொல்லுங்கள். சொல்லும்போது விட்டுப்போனவை எவை என்று திறந்து பாருங்கள். பெரும்பாலும் பன்றிகள் நினைவிருக்கும். அந்த மனிதன் இரவும் பகலும் கூக்குரலிட்டுக் கல்லுகளால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தான் என்பது விட்டுப்போயிருக்கும். ஊரார் அவனைக் கட்டிவைக்கப் பலமுறை முயன்றார்கள் என்பதும் விட்டுப்போயிருக்கும்.

இரண்டாம் நாள், கதையில் யார் யார் என்ன கேட்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். இங்கேதான் பகுதி திறந்துகொள்கிறது. பிசாசுகள், பன்றிகளுக்குள் போக உத்தரவு கேட்கின்றன; இயேசு கொடுக்கிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்டபின் ஊரார் வருகிறார்கள். அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தங்கள் எல்லைகளை விட்டுப் போய்விடும்படி கேட்கிறார்கள். அதற்கும் அவர் இணங்கிப் படவில் ஏறுகிறார். மூன்றாவதாகக் கேட்கிறவன் குணமானவன். உம்மோடு இருக்க வேண்டும் என்கிறான். அந்த ஒரு விண்ணப்பம் மட்டும் மறுக்கப்படுகிறது.

மூன்றாம் நாள், 3ஆம் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். 14ஆம் வசனத்தில் பன்னிரண்டு பேரை அவர் ஏற்படுத்துவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், அவர்கள் அவரோடு இருக்க வேண்டும் என்பது. கல்லறை மனிதன் கேட்டதும் அதையேதான். பேதுருவுக்குக் கிடைத்தது இவனுக்குக் கிடைக்கவில்லை. ஊழியத்துக்குத் தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டானா? இல்லை. உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடம் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்று அனுப்பப்படுகிறான். அவன், பத்துப் பட்டணங்களின் பகுதியான தெக்கப்போலி நாடெங்கும் போய்ச் சொன்னான் என்று பகுதி முடிகிறது.

நான்காம் நாள், 7:31க்குப் போங்கள். இயேசு மறுபடியும் தெக்கப்போலியின் எல்லைகள் வழியாக வருகிறார். இந்த முறை அவரைப் போகச் சொல்வாரில்லை. காது கேளாத ஒருவனைக் கூட்டிவந்து அவன்மேல் கைவைக்க வேண்டுகிறார்கள். இடையில் என்ன நடந்தது? கல்லறை மனிதன் சொன்னதன் விளைவா? மாற்கு சொல்லவில்லை. நீங்களும் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கிவிடாமல், நோட்டில் ஒரு கேள்விக்குறியோடு எழுதி வையுங்கள்.

மீதி நாள்களில் அந்த மனிதனின் இடத்தில் நின்று பாருங்கள். அவனை அறிந்த ஊர், அவனைச் சங்கிலியால் கட்டிய ஊர், அவன் குணமானதைவிடப் பன்றிகள் போனதைப் பெரிதாக நினைத்த ஊர். அங்கே திரும்பிப் போ என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? 'முழுநேர ஊழியம்' என்ற சொல்லை நாம் எளிதாகப் புழங்குகிறோம். வீட்டை விட்டுப் புறப்படுகிறவருக்கே பெரிய அழைப்பு என்றும், வீட்டில் இருக்கிறவருக்குச் சிறியது என்றும் ஒரு கணக்கு நம் சபைகளில் இருக்கிறது. இந்தப் பகுதியோடு ஒரு வாரம் இருந்தவருக்கு அந்தக் கணக்கு உதைக்கும்.

முன்னும் பின்னும் வாசித்தல்

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் வசனம். வேலை நேர்முகத் தேர்வுக்கு முந்திய நாள் பலரையும் தாங்கிய வசனம். இப்போது 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்துப் பாருங்கள்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள் இரண்டே வருடத்தில் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறான். கேட்க இனிக்கும் செய்தி. எரேமியாவோ சிறைப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், எழுபது வருடம் ஆகும். அதற்கு அடுத்ததாக வருவதுதான் 11ஆம் வசனம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வரப்போவதில்லை. அந்த வாக்கு ஒரு கூட்டத்துக்குச் சொல்லப்பட்டது. தலைமுறை தாண்டி நிறைவேற வேண்டியது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த வசனத்தின் ஆறுதல் குறைவதில்லை. வேலை கிடைக்காத மாதத்திலும் தாங்கும் அளவுக்கு அது உறுதியாகிறது. அனனியாவின் இரண்டு வருடம்தான் உடைந்துபோகும்.

எனவே எந்த வசனம் உங்களைப் பிடித்தாலும் அதற்கு முந்திய அதிகாரத்தையும் பிந்திய அதிகாரத்தையும் வாசிக்காமல் அதை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னது யார், கேட்டது யார், அவர்கள் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்ற மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தபின் உங்கள் நிலைமைக்கு வரலாம்.

ஜெபம்

வாசிப்பது, அசைபோடுவது, அதிலிருந்து ஜெபிப்பது, பிறகு பேசாமல் இருப்பது என்று நான்கு படிகளைப் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி எழுதிவைத்தார். கத்தோலிக்கர்கள் இதை நன்றாக அறிவார்கள்; மற்றச் சபையினர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நான்காவது படி நமக்குத்தான் கடினம். சத்தமாக ஜெபித்துப் பழகியவர்களுக்கு ஐந்து நிமிட மௌனம் அரை நாள் போலத் தோன்றும்.

சொற்கள் வறண்டுபோகும் நாளில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். 23ஐ மட்டும் அல்ல, 88ஐயும் வாசியுங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அப்படி ஒரு ஜெபமும் வேதத்துக்குள் இடம் பெற்றிருக்கிறது என்பது சில வாரங்களில் பெரிய துணை.

இரண்டாம், மூன்றாம் மாதம்: அழைப்பைப் பற்றிய பகுதிகள்

மாற்குவுக்குப் பின் 1 சாமுவேல் 1-3, ரூத், யோனா, ஆமோஸ் 7 என்ற வரிசையில் போகலாம். ரூத்தும் யோனாவும் நான்கு நான்கு அதிகாரங்கள்தான். ஒரு மாலைக்கு ஒன்று.

சாமுவேலின் கதையை எல்லாரும் ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்போம், நடித்தும் இருப்போம். பெரியவராக மறுபடி வாசியுங்கள். பையன் ஆலயத்திலேயே படுத்திருக்கிறான், இருந்தும் கர்த்தரை அவன் இன்னும் அறியவில்லை என்று 3:7 சொல்கிறது. குரல் வந்தபோது மூன்று முறையும் ஆசாரியனான ஏலியிடம் ஓடுகிறான். கூப்பிடுவது யார் என்று கண்டுகொள்கிறவர் கண்பார்வை மங்கிய அந்தக் கிழவர். அவருக்கே அதற்கு மூன்று முறை ஆயிற்று. நான்காம் முறை பையன் கேட்ட செய்தி என்ன? அவனுடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏலியின் வீட்டாருக்கு வரப்போகும் தண்டனைதான் செய்தி. அவன் விடியும்வரை படுத்திருந்து, எழுந்து, கதவுகளைத் திறக்கிறான். தரிசனத்தை அறிவிக்கப் பயப்படுகிறான். தனக்கு எதிரான வார்த்தையையும் மறைக்காதே என்று கேட்டு வாங்குகிறவர் ஏலி. நம் சாட்சிக் கூட்டங்களில் சொல்லப்படும் அழைப்புகளுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

ரூத்தின் கதையில் தரிசனமும் இல்லை, வானத்திலிருந்து குரலும் இல்லை. மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்ற ஒரு பிடிவாதமும் கதிர் பொறுக்கும் வேலையும்தான். கடைசியில் அவள் தாவீதின் பாட்டனாருக்குத் தாய். யோனா அழைப்பைத் தெளிவாகக் கேட்டும் எதிர்த்திசையில் கப்பல் ஏறினான். ஆமோஸ் தீர்க்கதரிசியின் மகனும் அல்ல. ஆடுமாடு மேய்த்து, காட்டத்திப் பழம் பார்த்துக்கொண்டிருந்தவர். அழைப்புக்கு ஒரே அச்சு கிடையாது.

சோதித்துப் பார்த்தல்

மூன்று மாதம் கழித்தும் 'ஊழியம்' என்ற எண்ணம் விடாமல் இருந்தால், இப்போது அதை எடுத்துப் பேசலாம்.

1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுத்திருந்தார், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமும்தான். படுக்கையில் இரண்டு விதக் கனவுகளும் வந்தன. அரசவை வீரனாக மின்னுவதைக் கற்பனை செய்யும்போது இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப்போல வாழ்வதை நினைத்தபோதும் இனித்தது, பிறகும் அந்த மகிழ்ச்சி நின்றது. எண்ணம் வரும்போது உள்ள சூட்டைவிட அது போனபின் எஞ்சுவதைப் பார்க்க அவர் அங்கே கற்றுக்கொண்டார். நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுப்புதல் கூட்டம் முடிந்த இரவில் எழுதியதைப் பத்து நாள் கழித்து, வெயிலில் வேலைக்குப் போய்வந்த மாலையில் வாசித்துப் பாருங்கள். மனம் சோர்ந்திருக்கும் காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்பதும் அவருடைய அறிவுரைதான்.

அழைப்பு வசனமாகவே வர வேண்டும் என்பதும் இல்லை. மிஷனெரி குடும்பத்தில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தவர். அமெரிக்கா திரும்பிவிடுவதே அவர் எண்ணம். ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்றக் கேட்டு வந்தார்கள். தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுக்கு வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, திரும்பி வந்து 1900இல் வேலூரில் தொடங்கிய பணிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உங்கள் தெருவில், உங்கள் பணியிடத்தில் யார் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

தனியாக முடிவெடுக்க வேண்டாம். அப்போஸ்தலர் 13இல் பர்னபாவையும் சவுலையும் (பின்னாளில் பவுல்) ஊழியத்துக்கென்று பிரித்துவிடச் சொல்லும் ஆவியானவரின் குரல், அந்தியோகியா சபையில் கூடி ஆராதித்து உபவாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வருகிறது. தமஸ்குவின் வழியில் இயேசுவின் குரலைக் கேட்டுச் சவுல் விழுந்து பல வருடம் கழிந்தபின் நடப்பது இது. நீங்களும் மூன்று பேரிடம் சொல்லுங்கள்: உங்களை நேசிக்கிற ஒருவர், உங்கள் குறைகளை நன்றாக அறிந்த ஒருவர், ஆயர் அல்லது பங்குத்தந்தை. இரண்டாமவர் கணவராகவோ மனைவியாகவோ இருந்தால் இன்னும் நல்லது. 'கர்த்தர் சொன்னார்' என்று ஆரம்பிக்காதீர்கள். எதிரே இருப்பவர் வாயை அது அடைத்துவிடும். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று கேளுங்கள்.

அதற்குப்பின் வழி உங்கள் சபையைப் பொறுத்தது. தென்னிந்தியத் திருச்சபையில், பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதியான திருமண்டலத்தின் தேர்வைக் கடந்து இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டும். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி அவற்றில் ஒன்று. கத்தோலிக்க மறைமாவட்டங்களிலும் துறவற சபைகளிலும் இறையழைத்தல் முகாம்கள் நடக்கின்றன. எதற்கும் அவசரம் இல்லை. விண்ணப்பம் எழுதும் முன்பே ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பையோ, மருத்துவமனையில் இருக்கும் சபையாரைப் பார்த்துவரும் வேலையையோ கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஆயரைப் பார்க்கப் போகும்போது நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். அவர் அனுபவமுள்ளவரானால் தரிசனத்தைப் பற்றி முதலில் கேட்கமாட்டார். இப்போது சபையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்.